ஏழாம் ஊற்றும் எட்டாம் எண்ணும்

எண் போடாத பொருள் எனக்குப் பொருளே இல்லை. இருபத்தாறு வருடமாகக் கணக்கு டீச்சராக இருப்பவளிடம் வேறு எதை எதிர்பார்க்க முடியும்? எங்கள் சமையலறையில் டப்பாக்களுக்கு எல்லாம் எண் உண்டு. மூன்றில் துவரம்பருப்பு, ஏழில் கேழ்வரகு மாவு. காபிப்பொடி எங்கே என்று என் வீட்டுக்காரர் கேட்டால் "அஞ்சு" என்பேன், அவரும் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொள்வார். கல்யாணமான புதிதில், "எனக்கும் ஒரு நம்பர் போட்டு வுட்டுரு, திருவிழாக் கூட்டத்துல தொலைஞ்சா கண்டுபுடிக்க சவுகரியம்" என்று கேலி செய்தார். இந்தப் பழக்கத்தால் யாருக்கும் எந்தக் கெடுதலும் வந்ததில்லை. ஊத்துப்பள்ளத்துக்குப் போகும்வரை வந்ததில்லை என்று சொல்ல வேண்டும்.

நான் நடக்க ஆரம்பித்தது டாக்டர் திட்டியதால். சர்க்கரை ஏறிவிட்டது, முட்டி தேய்ந்துவிட்டது. தினமும் நட, ஆனால் நல்ல ஷூ இல்லாமல் ஓரடி வைக்காதே, தரையில் உட்காராதே, முட்டி போடாதே என்றார். முட்டி போடாமல் இருப்பது எனக்குப் பழகிப்போன விஷயம்தான். நான்கு வருடமாக எங்கள் மாதா கோயிலில் பூசை நேரத்தில் எல்லோரும் முழந்தாளிடும்போது நான் மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியில் ராணி மாதிரி உட்கார்ந்திருப்பேன். "தலதான் வணங்காதுன்னு பாத்தா இப்ப முட்டியும் வணங்கறதில்ல" என்பார் வீட்டுக்காரர். இருபத்துநாலு வருடக் குடித்தனத்தில் "தப்பு என்னுது" என்று நான் சொல்லி அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லையாம். தப்பு நடந்தால்தானே சொல்வதற்கு?

முதலில் ரோட்டில்தான் நடந்தேன். நூறு அடிக்கு ஒரு பெற்றோர் நிறுத்தி, "எம்பொண்ணு எப்டி படிக்கறா டீச்சர்?" என்றார்கள். அதற்கு உண்மையான பதில் சொல்லிக்கொண்டு நின்றால் நடை எங்கே நடப்பது? அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வீட்டுக்காரரின் வண்டியில் ஏறி ஊத்துப்பள்ளத்துக்குப் போக ஆரம்பித்தோம். எங்கள் ஊர் பொம்மிடியிலிருந்து இருபது நிமிடம். இரண்டு கரட்டுக் குன்றுகளுக்கு நடுவே நீளமாக இறங்கும் பள்ளம் அது. ஆடு போன தடங்கள்தான் பாதை. பெற்றோர் யாரும் கிடையாது. தூரத்தில் சேலம் போகிற ரயில் கூவுவதைத் தவிரக் கேள்வி கேட்க ஆளில்லை.

மழைக்காலம் முடிந்திருந்த நேரம். நடக்க நடக்க ஒவ்வொரு ஊற்றாகக் கண்ணில் பட்டது. முதலாவது பாறைக் குழியில் ஒரு சோற்றுக் குண்டான் அளவுக்குத்தான் இருந்தது. இரண்டாவதில் துருப்பிடித்த ஆணி வாசம் அடித்தது. மூன்றாவதைக் குரங்குகள் எடுத்துக்கொண்டிருந்தன, நாங்கள் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. நான்கும் ஐந்தும் ஊற்று என்று சொல்லிக்கொண்ட வெறும் ஈரம். ஆறாவது ஒரு புங்கமரத்தடியில். ஏழாவது மட்டும்தான் ஊற்று என்ற பேருக்கு நியாயம் செய்தது. பள்ளம் முடிந்து ஒரு விவசாயியின் குச்சிக்கிழங்குக் காடு, அதாவது மரவள்ளி வயல், தொடங்கும் இடத்தில், பாறை வெடிப்பிலிருந்து வந்து கல் கட்டிய சிறு தொட்டியில் நிறைந்து, வழிந்து அவர் தக்காளி நாற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. அடியில் கிடந்த கூழாங்கல்லை எண்ணலாம். எண்ணினேன், நாற்பத்தொன்று. முதல் நாள் வீட்டுக்காரர் பாட்டிலில் பிடித்துக் கொடுத்த அந்தத் தண்ணீரைக் குடித்தபோது, பல மாதங்களுக்குப் பிறகு எனக்கு உடம்பில் ஒன்றும் குறையில்லை என்று தோன்றியது. சந்தோஷமாக இருந்தது, வேறு வார்த்தை தேட வேண்டியதில்லை.

அந்த வயலுக்குச் சொந்தக்காரரான காட்டுக்காரருக்கு அறுபது வயது இருக்கும். பேச்சு அளந்துதான் வரும். எங்களைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சோப்பு வச்சிருக்கீங்களா?" என்பது.

போன வருடம் டவுனிலிருந்து சில இளவட்டங்கள் வீடியோ எடுக்க வந்து, தொட்டிக்குள் இறங்கி, ஷாம்பு போட்டுக் குளித்து, பாட்டுப் பெட்டியை அலறவிட்டுப் போனார்களாம். மூன்று நாள் குடிதண்ணீருக்கு அவர் வீட்டுக்காரம்மா ரோட்டு பைப்புக்கு நடந்தார்களாம்.

"எங்க வூட்டுக்கு இதான் தண்ணி. சோப்பு, செருப்பு, சத்தம், மூணும் ஆவாதுங்க. வாங்க, குடிங்க, போங்க. ஒரு தடவ கலங்குச்சுன்னா முள்ளு வெட்டி வேலி போட்ருவேன். அப்புறம் யாரும் வரத் தேவையில்ல."

"எம் பொறுப்புங்க" என்றேன். நுணலும் தன் வாயால் கெடும்.

சேதி எப்படியோ பரவி, பள்ளிக்கூடத்து டீச்சர்கள் ஏழெட்டுப் பேர் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் இரண்டு பேர் பேச்சு சுவாரசியத்தில் வேறு ஆட்டுத் தடத்தில் இறங்கி, கடத்தூர் ரோட்டில் போய் ஏறி, பால் வண்டியில் வீடு போய்ச் சேர்ந்தார்கள். அன்றைக்கே முடிவு செய்தேன், பாதைக்கு எண் போட்டே ஆக வேண்டும்.

கோயில் சாமான் அறையிலிருந்து ஒரு வாளிச் சுண்ணாம்பும் அதை அடிக்கிற மட்டையும் கேட்டு வாங்கினேன். ஒவ்வோர் ஊற்றுக்கும் பக்கத்துப் பாறையில், வருகிறவர் முகம் பார்க்கும்படி, ஒன்று முதல் ஏழுவரை எழுதினேன். கடைசி பெஞ்சுக்கும் தெரிகிற மாதிரி எழுதித்தான் என் கைக்குப் பழக்கம். நான்கு என்ற எண் மட்டும் என் இடுப்பு உயரம் இருந்தது. அதை எழுதிய பாறை கரும்பலகை மாதிரி வழுவழுப்பாக அமைந்துவிட்டது, என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

ஏழாம் எண்ணை எழுதும்போது காட்டுக்காரர் மண்வெட்டியோடு ஓடி வந்தார். எங்கள் பக்கத்தில் கல்லில் யாராவது எண் எழுதினால் நிலம் போய்விடுமோ என்று ஜனங்களுக்குப் பயம் வந்துவிடும்.

"ரோடு கீடு போடறாங்களா? சர்வேயா?" என்றார்.

"இல்லைங்க, நாங்க வழி மறக்காம வர்றதுக்கு."

"ஏழுக்கு மேல போவுமா?"

"போவாதுங்க. ஏழோட முடிஞ்சுது."

இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டுதான் போனார்.

மிச்சச் சுண்ணாம்பைக் கோயிலில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதற்குள் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்துவிட்டது, கூடவே பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் வேலையும். காலை ஆறரை பஸ்ஸில் தருமபுரி, இரவு எட்டு மணிக்கு வீடு. கண் முழுக்கச் சிவப்பு மை. அந்தப் பத்து நாளும் என்னிடம் யார் என்ன சொன்னாலும் "உம்" என்றுதான் பதில் சொல்லியிருப்பேன்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் எங்கள் கோயிலில் சிலுவைப்பாதை நடக்கும். இயேசு சிலுவை சுமந்து போன வழியைப் பதினான்கு இடமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண் வைத்து, ஒவ்வோர் இடத்திலும் நின்று, முழந்தாளிட்டு, ஜெபம் சொல்லி அடுத்த எண்ணுக்கு நகர்வோம். எப்போதும் கோயில் மதிலைச் சுற்றித்தான் நடக்கும். அந்த வருடம் புதிதாக வந்திருந்த பங்குச் சாமியாருக்கு ஒரு யோசனை. தெற்கத்திச் சீமைக்காரர், ஆர்வம் அதிகம். மலை மாதிரி ஓர் இடத்தில் நடந்து போனால் ஜனங்களுக்கு உருக்கமாக இருக்கும் என்று நினைத்தார். இந்தப் பக்கத்தில் அப்படி எந்த இடம் இருக்கிறது என்று கேட்டவருக்கு வழி சொன்னது வேறு யாரும் இல்லை, என் வீட்டுக்காரர்தான். "எங்க டீச்சர் அங்க நடந்துதான் சாமி சுகர கொறச்சா" என்று பெருமை வேறு.

இளைஞர் குழுப் பையன்கள் போய், பள்ளத்தில் மூன்றாவது இடம்வரை இறங்கி, பிறகு இடதுபக்கம் திரும்பிக் கரட்டின் உச்சிக்கு ஏறும்படி ஒன்று முதல் பதினான்குவரை கற்களில் எழுதிவிட்டு வந்தார்கள். அதே வாளி, அதே சுண்ணாம்பு. என் எண்களைப் பார்த்திருக்கிறார்கள், வனத்துறைக்காரர்கள் போட்டது என்று நினைத்து விட்டுவிட்டார்கள்.

இதெல்லாம் எனக்கு வெள்ளிக்கிழமை மதியம்தான் தெரியும். "போன்ல சொன்னேனே, உம் போட்டியே" என்றார் வீட்டுக்காரர். திருத்தும் வேலை அன்று அரை நாளோடு முடிந்திருந்தது. நானும் கிளம்பினேன்.

மாலை நான்கு மணி. அறுபது பேருக்கு மேல் இருப்போம். சிலுவைப்பாதைக்கு எங்கள் ஜனங்கள் செருப்புப் போட மாட்டார்கள், பள்ளத்து வாயிலிலேயே கழற்றிக் குவித்துவிட்டார்கள். டாக்டர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நான் மட்டும் வெள்ளை ஷூவோடு. முன்னால் மரச்சிலுவையோடு சாமியார், பின்னால் ஜனங்கள், எல்லோருக்கும் பின்னால் மைக் பெட்டியைத் தோளில் மாற்றி மாற்றிச் சுமந்துகொண்டு வழி தெரிந்த அந்தப் பையன்கள். பாரம் தாங்காமல் அவர்கள் இரண்டாம் இடத்திலேயே பின்தங்கிவிட்டார்கள்.

மூன்றாம் இடம்வரை பிரச்சினை இல்லை, என் எண்களும் பையன்கள் எண்களும் ஒரே தடத்தில்தான் இருந்தன. அங்கேதான் பாதை பிரிகிறது. பையன்கள் எழுதிய நான்கு, இடதுபக்கம் உண்ணிச் செடிக்குள் கையகலத்தில் பதுங்கியிருந்தது. வலதுபக்கம் என் நான்கு, இடுப்பு உயரத்தில், வெயிலில் பளபளவென்று நின்றது. சாமியார் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை, வலதுபக்கம் திரும்பினார்.

நான் நடுவில் வந்துகொண்டிருந்தேன். வீட்டுக்காரரிடம் மெதுவாக, "எங்க போறாங்க?" என்றேன்.

"நம்பர் இருக்கற பக்கம்."

"அது என் நம்பருங்க."

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, தவக்காலம் என்பதால் உள்ளே போனது.

அப்போதே முன்னால் போய்ச் சொல்லியிருக்கலாம். இருபது அடிதான். சிலுவைப்பாதையில் யாரும் கூவிப் பேச மாட்டார்கள் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் அது இல்லை. சொன்னால் அறுபது பேர் முன்னால் என் கையெழுத்து என்று ஒத்துக்கொள்ள வேண்டும். என்னால் முடியவில்லை. காட்டுக்காரருக்குக் கொடுத்த வாக்கு நெஞ்சில் அடித்துக்கொண்டே இருந்தது, கால் மட்டும் கூட்டத்தோடு போய்க்கொண்டே இருந்தது.

நான்காவது ஊற்று கோடை வெயிலில் வற்றிக் காய்ந்திருந்தது. ஜனங்கள் அந்தக் குழியைச் சுற்றி முழந்தாளிட்டார்கள். ஐந்தாவதும் அப்படியே. ஒவ்வோர் எண்ணும் எவ்வளவு பக்தியாக வணங்கப்பட்டது என்று பார்த்தபோது எனக்குள் ஓர் அற்பப் பெருமை எட்டிப் பார்த்ததையும் மறைக்க விரும்பவில்லை. என் வகுப்பில் எண்களுக்கு இந்த மரியாதை கிடைத்ததே இல்லை.

ஏழாவது இடத்துக்கு வந்தோம். இயேசு இரண்டாம் முறை கீழே விழும் இடம். ஊற்றைச் சுற்றி அறுபது பேரும் முழந்தாளிட்டார்கள். நான் தொட்டி ஓரத்தில் ஒரு கல்லாகப் பார்த்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். சாமியார் ஜெபத்தை முடித்தார், நிமிர்ந்தார், எட்டைத் தேடினார். வலதுபக்கம் பார்த்தார், குச்சிக்கிழங்கு. இடதுபக்கம் பார்த்தார், தக்காளி நாற்று. பின்னால் பார்த்தார், வழி தெரிந்த பையன்களும் இல்லை, மைக்கும் இல்லை. அவர்கள் சரியான எண்ணைப் பார்த்து அந்நேரம் கரடு ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு அஞ்சு நிமிஷம் மௌனமா ஜெபிப்போம்" என்றார் சாமியார். பரீட்சையில் பதில் தெரியாத பிள்ளைகள் கூரையைப் பார்ப்பதை இருபத்தாறு வருடமாகப் பார்க்கிறவள் நான். அதே பார்வை.

அந்த மௌனத்தில்தான் காட்டுக்காரர் வந்தார். தோளில் மண்வெட்டி. வரப்பில் அப்படியே நின்றுவிட்டார். அறுபது பேர் அவர் ஊற்றைச் சுற்றி மண்ணில் முட்டி போட்டு, தலை குனிந்து, கை கூப்பி இருக்கிறார்கள். ஒருவர் காலிலும் செருப்பில்லை. சோப்பு இல்லை. ஈ பறந்தால் கேட்கும், அவ்வளவு அமைதி. அவர் கண் ஒவ்வொருவராகத் தாண்டி வந்து, கடைசியில் என்னிடம் நின்றது. பிறகு கீழே இறங்கி என் காலில் நின்றது.

நானும் குனிந்து பார்த்தேன். என் வெள்ளை ஷூ தொட்டியின் விளிம்பில் ஊன்றியிருந்தது. அதன் அடியிலிருந்து ஒரு செம்மண் கோடு மெல்ல இறங்கித் தண்ணீருக்குள் விரிந்துகொண்டிருந்தது. நாற்பத்தொரு கூழாங்கல்லில் ஒன்றுகூடத் தெரியவில்லை.

காலை எடுத்தேன். அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, சாமியாரிடம், "இன்னா சாமி தேடறீங்க?" என்றார் தணிந்த குரலில்.

"எட்டாவது நம்பர் எங்க இருக்குன்னு..."

"எட்டு இல்லீங்களே. டீச்சரம்மா ஏழுதான போட்டாங்க. ரெண்டு தடவ கேட்டேனே."

அறுபது தலைகளும் திரும்பின. நான் எழுந்து நின்றேன். தப்பு என்னுது என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். என் வாயிலிருந்து வந்தது, "பசங்க அவங்க நம்பர கொஞ்சம் பெருசா எழுதியிருக்கலாம்" என்பது. வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

பையன்களின் எண்கள் கரட்டு மேல் இருப்பதை வீட்டுக்காரர் கை காட்டிச் சொல்ல, மீதிப் பாதைக்குக் காட்டுக்காரர்தான் வழிகாட்டி. வரப்பு மேலேயே எங்களை வரிசையாக நடத்தி, ஒரு நாற்றுகூட மிதிபடாமல், கரட்டின் மறுபக்கமாக ஏற்றிக் கொண்டுபோய் எட்டாம் எண்ணில் சேர்த்தார். கீழே பார்த்துக் காத்திருந்த மைக் பையன்கள், நாங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து வருவதைப் பார்த்துத் திடுக்கிட்டார்கள். பதினான்கும் நல்லபடியாக முடிந்தது. மிகவும் உருக்கமாக இருந்தது என்று எல்லோரும் சாமியாரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

எனக்கு மட்டும் உருக்கம் வேறு வகை. அடுத்த இரண்டு வாரம் பள்ளத்துப் பக்கமே போகவில்லை. முட்டி வலி என்றேன். ராத்திரி கண்ணை மூடினால் அந்தச் செம்மண் கோடு வந்தது. அந்தத் தண்ணீர் இனிமேல் எனக்கு இல்லை என்று நினைத்தபோது ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே அழுதேன். வீட்டுக்காரர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். அந்த நல்ல குணத்துக்காகத்தான் அவரோடு குடும்பம் நடத்துகிறேன்.

ஈஸ்டர் முடிந்து அடுத்த ஞாயிறு அவர்தான் வண்டியை எடுத்தார். "போய்ப் பாத்துட்டு வந்துர்லாம். வேலி போட்ருந்தா திரும்பிக்கலாம்."

வேலி போட்டிருந்தது. ஊற்றைச் சுற்றி என் கழுத்து உயரத்துக்கு இலந்தை முள். ஒரு கோழி நுழைய இடமில்லை. வேலிக்கு மேலாக என் ஏழாம் எண்ணின் தலை மட்டும் தெரிந்தது.

காட்டுக்காரர் நாற்றுக்கு நடுவிலிருந்து நிமிர்ந்தார். "வாங்க டீச்சர். எங்க ரெண்டு வாரமா காணோம்? ஒங்க கூட்டாளிங்க எல்லாம் வந்துட்டுப் போனாங்களே."

"எப்டிங்க உள்ள போனாங்க?"

மண்வெட்டிக் காம்பால் காட்டினார். வேலியின் அடிப்பக்கத்தில், மூங்கிலை வளைத்து வைத்து, இரண்டு அடி உயரத்துக்கு ஒரு வழி விட்டிருந்தார். குனிந்தாலும் முடியாது. முட்டி போட்டுத் தவழ்ந்துதான் போக வேண்டும்.

"அன்னிக்கி அத்தன பேரு வந்தாங்க, முட்டி போட்டாங்க, யாரும் தண்ணிய கலக்கல. அதப் பாத்துத்தான் எனக்கே புரிஞ்சுது. நின்னுக்கிட்டு வர்றவங்கதாங்க கலக்கறாங்க. முட்டி போட்டு வர்றவங்க வரட்டும்."

"எனக்கு முட்டி..." என்று ஆரம்பித்தேன். "எனக்காக ஒரு அடி ஒசத்தி வைக்கக் கூடாதுங்களா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "கணக்கு டீச்சர் நீங்க. ஒருத்தருக்கு மட்டும் மாத்துனா கணக்கு தப்பாப் போயிருமுங்களே."

வீட்டுக்காரர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, "நான் உள்ள போய் புடிச்சாந்து தர்றேன், நீ இங்கயே நில்லு" என்றார். எப்போதும் நடப்பது அதுதான். நான் வேண்டாம் என்று கை காட்டினேன். ஒரு கல்லில் உட்கார்ந்து ஷூ இரண்டையும் கழற்றினேன், சாக்ஸையும் கழற்றினேன். மண் சூடாக இருந்தது. வீட்டுக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு முதலில் இடது முட்டி, பிறகு வலது முட்டி. நான்கு வருடம் கழித்துத் தரையைத் தொட்ட முட்டிகள் இரண்டும் சேர்ந்து என்னைத் திட்டின. முந்தானையை முள் இழுத்தது. "ஏழாம் இடம்" என்று பின்னாலிருந்து வீட்டுக்காரர் சாமியார் குரலில் சொன்னது காதில் விழுந்தது, அதற்கெல்லாம் வீட்டில் வைத்துப் பதில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

உள்ளே தண்ணீர் தெளிந்திருந்தது. நின்று பார்த்தபோது நாற்பத்தொன்றாக இருந்த கூழாங்கல், முகத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தால் இன்னும் நிறைய இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் காட்டுக்காரரின் கால்கள் மட்டும் தெரிந்தன. அவர் காலைப் பார்த்தே சொன்னேன்.

"அன்னிக்கி தண்ணிய கலக்குனது நாந்தாங்க. பசங்க மேல பழி போட்டேன். தப்பு என்னுது."

அந்தக் கால்கள் வேலியை ஒட்டி ஓரடி கிட்டே வந்தன. பிறகு அவர், "தண்ணி குடிங்க டீச்சர்" என்றார்.

வேலியின் வேறொரு பக்கத்திலிருந்து வீட்டுக்காரரின் குரல் வந்தது. "இன்னா சொன்ன? முள்ளு மறைக்குது, சரியா காதுல வுழல. இன்னொருக்கா சொல்லு."

நான் இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளினேன். குடித்து முடித்துவிட்டு, அவருக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு முறை சொன்னேன்.